கண்ணாடியில் மூக்குத் தடம்

நாங்கள் செய்த அறையின் முதல் வடிவம் தோல்வி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திறந்த அன்றைக்கு எல்லாரும் கைதட்டினார்கள், ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள், அடுத்த நாள் வாசலில் வரிசை நின்றது. அது தோல்வி என்று எனக்கே உறைக்க இரண்டு வாரம் ஆயிற்று.

ஒரு மியூசியத்துக்காகச் செய்த வேலை (பெயர் வேண்டாமே). நான்கு சுவரும் தரையும் ப்ரொஜெக்டர் ஒளியில் நிறைந்து, உள்ளே நிற்பவரை ஓவியத்துக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்துகிற மாதிரி ஓர் அறை. இம்மர்சிவ் என்று சொல்கிறார்களே, அதுதான். அதில் ஓடும் படத்தைத் தயாரித்த குழுவில் நானும் ஒருவன். எடுத்துக்கொண்ட விஷயம், பக்கத்துக் கூடத்தில் மாட்டியிருந்த ஒரு சின்ன எண்ணெய் வண்ண ஓவியம். நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அளவு. ஆற்றங்கரை, கரையோரம் ஒரு படகு, நாலைந்து மரம், சாயங்கால வெளிச்சம். வரைந்தவர் ஊரறிந்த பெயர் ஒன்றும் இல்லை. மக்கள் நடந்துகொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த சட்டகத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களை நிறுத்த வேண்டும் என்பதுதான் எங்களிடம் சொன்னது.

நாங்கள் என்ன செய்தோம்? ஆற்றை ஓடவிட்டோம். இலைகளை உதிரவிட்டோம். தரையில் சென்சார் வைத்து, கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் வட்டம் வட்டமாக விரிகிற மாதிரி செய்தோம், குழந்தைகள் குதித்துத் தீர்த்தார்கள். பின்னால் வயலின். கடைசியில் வானம் முழுக்க நட்சத்திரம், அசல் ஓவியத்தில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது என்பது வேறு கதை. படம் முடிந்ததும் வெளியேறும் கதவு திறக்கும், அது நினைவுப் பொருள் கடைக்குப் போகும்.

இரண்டாவது வாரம் ஒரு மதியம் சும்மா அந்த அசல் ஓவியம் இருக்கும் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே காவலுக்கு இருப்பவர் வயதானவர், பல வருஷமாக அதே கூடம். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு வந்து கேட்டார்: "தம்பி, அந்தப் பக்கம் என்னமோ பெரிசா போட்டிருக்கீங்களாமே. முன்னாடி இங்க எட்டிப் பாக்க வந்துட்டிருந்த நாலு பேரும் இப்ப அங்கயே நின்னுடறாங்க."

சண்டைக்கு வரவில்லை அவர், சும்மா தகவலாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு வயிற்றில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். எங்கள் அறையிலிருந்து வெளியே வந்த கூட்டத்தில் ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஏன் திரும்ப வேண்டும்? ஆற்றைப் பார்த்தாயிற்று, பெரிதாக, ஓடுகிற மாதிரி, இசையோடு. இங்கே இருப்பது சின்னது, அசையாதது, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது.

அதற்கப்புறம் இந்த மாதிரி அறைகளைப் பற்றி நிறையப் படித்தேன், முடிந்ததைப் போய்ப் பார்த்தேன். இப்போது நான் எந்த அறைக்குள் போனாலும் முதலில் கவனிப்பது ஒன்றே ஒன்றுதான்: வெளியே போகும் கதவு எங்கே திறக்கிறது?

மியூசியங்கள் ஏன் இதில் இறங்குகின்றன என்பது புரியாத விஷயமில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் செய்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பார்வையாளர் ஒருவர் ஓர் ஓவியத்தின் முன் நிற்கும் நேரம் சராசரியாக 27 விநாடி என்று வந்தது. அதுவும் ஒரு சிலர் நெடுநேரம் நின்று சராசரியைத் தூக்கிவிட்டதால். பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள், பக்கத்தில் எழுதி ஒட்டியிருப்பதைப் படிக்கிற நேரமும் அதற்குள்தான். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற ஓவியங்களுக்கே இந்த நிலை என்றால் எங்கள் ஆற்றங்கரைக்கு என்ன கதி. அதனால் இருட்டறையில் பத்துப் பதினைந்து நிமிடம் ஒருவரை உட்காரவைக்க முடிகிறது என்றால் எந்த நிர்வாகிக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடமும் அவர் எதைப் பார்க்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஓவியத்துக்குள் ஆளை நிறுத்தும் ஆசை ப்ரொஜெக்டரோடு வந்ததும் இல்லை. ராபர்ட் பார்க்கர் என்பவர் வட்டச் சுவர் முழுக்க ஒரே காட்சியாக வரையும் முறைக்கு 1787இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார், பனோரமா என்ற சொல்லே அந்த வழியில் வந்ததுதான். நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1881இல் மெஸ்டாக் என்ற ஓவியர் வரைந்த பனோரமா இன்னமும் இருக்கிறது. 14 மீட்டர் உயரம், சுற்றளவு சுமார் 120 மீட்டர், நடுவில் மேடை. ஓவியத்தின் கீழ் விளிம்பு தெரியாமல் இருக்க மேடைக்கும் கித்தானுக்கும் நடுவில் நிஜ மணலைக் கொட்டியிருக்கிறார்கள். அந்த மணல் எவ்வளவு புத்திசாலித்தனமான வேலை என்பது, சுவரும் தரையும் சேரும் மூலையில் பிம்பத்தை ஒட்டவைக்க ராத்திரி இரண்டு மணி வரை மல்லுக்கட்டியவனுக்குத்தான் தெரியும்.

பாரிஸில் ஒராஞ்சரி மியூசியத்தில் மோனேயின் அல்லிக்குள ஓவியங்கள் இருக்கின்றனவே, அதுவும் இந்த வகைதான் என்பேன். முட்டை வடிவத்தில் இரண்டு அறைகள், கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரத்தில் சுவரோடு வளைந்து போகும் எட்டு ஓவியங்கள், மேலிருந்து இயற்கை வெளிச்சம். 1927இல், மோனே இறந்து சில மாதங்களில் திறந்தார்கள். மேகம் வந்தால் அறை மங்கும், வெயில் வந்தால் குளம் மாறும். ஒரு சென்சாரும் இல்லாமல்! ஓவியரே திட்டமிட்ட அறை அது. எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்தார்.

நம் அறைகளில் அதை முடிவு செய்வது நாம். இடிக்கும் இடமும் அதுதான். வான்கோவின் நட்சத்திர இரவு 73.7க்கு 92.1 சென்டிமீட்டர், இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிவிடலாம். அதை ஆறு மீட்டர் சுவரில் போட்டால் பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பிரமிப்பு சுவருடையது. வான்கோ பெயிண்ட்டை அப்பியிருக்கும் விதம், பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த மேடுகள் தங்களுக்குத் தாங்களே நிழல் போட்டுக்கொள்வது, இதெல்லாம் தட்டையான ஒளியில் வரவே வராது.

கிளிம்ட்டின் முத்தம் இன்னும் நல்ல உதாரணம். பாரிஸில் அட்டெலியே தே லூமியேர் 2018இல் பழைய இரும்பு வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றில் தொடங்கியபோது முதல் நிகழ்ச்சியே கிளிம்ட்தான். உலகம் முழுக்கப் பல பேர் இந்த வகைக் காட்சியைக் கேள்விப்பட்டதே அதற்கப்புறம்தான். கிளிம்ட் நிஜத் தங்க ரேக்கை ஒட்டியவர். தங்க ரேக்கின் முன் நீங்கள் இடது பக்கம் ஓர் அடி நகர்ந்தால் ஒரு இடம் இருண்டு இன்னொரு இடம் பளிச்சிடும், உங்கள் நடைக்கு அது பதில் சொல்லும். ப்ரொஜெக்டரில் தங்கம் கிடையாது. மஞ்சள் உண்டு, பழுப்பு உண்டு, அவ்வளவுதான். நீங்கள் எங்கே போய் நின்றாலும் அதே மஞ்சள். உள்ளபடியே பார்வையாளரின் அசைவுக்கு அசைந்து கொடுப்பது வியன்னாவில் பெல்வெடெர் மியூசியச் சுவரில் சும்மா தொங்கும் கித்தான்தான், கணினியில் ஓடுவது கொடுப்பதில்லை. இதில் இருக்கிற வேடிக்கையை நான் எங்கள் குழுவில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

கறுப்பும் அப்படித்தான். ப்ரொஜெக்டரால் கறுப்பைப் போட முடியாது, ஒளியைப் போடாமல் இருக்க மட்டும்தான் முடியும். எதிர்ச் சுவரில் வெளிச்சமான காட்சி இருந்தால் அது சிதறி வந்து இந்தச் சுவரின் இருட்டைச் சாம்பலாக்கிவிடும். அதனால்தான் இந்த அறைகளுக்குப் பளீர் வெள்ளையைவிடச் சாம்பல் பூச்சு நல்லது, வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. அப்புறம், இரண்டு ப்ரொஜெக்டரின் பிம்பம் ஒன்றின் மேல் ஒன்று படியும் பட்டையில் வெளிச்சம் இரட்டிப்பாகும், அதை இரு பக்கமும் படிப்படியாகக் குறைத்து ஒட்டுத் தெரியாமல் இழைக்க வேண்டும். வெளிச்சக் காட்சியில் அது சரியாக இருக்கும், இருட்டுக் காட்சி வந்ததும் பட்டை பல்லை இளிக்கும். ரெம்பிராண்ட் மாதிரி இருட்டில் வாழ்ந்த ஓவியரை எடுத்துக்கொண்டால் தொழில்நுட்பக்காரர்களுக்கு மூன்று நாள் தூக்கம் போச்சு.

ரெம்பிராண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது, டிஜிட்டல் வேலை அசலுக்குச் சேவகம் செய்ததற்கு எனக்குத் தெரிந்து ஆகச் சிறந்த உதாரணம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் செய்ததுதான். ரெம்பிராண்ட் ஒரு நகரக் காவல் படையையும் அதன் தலைவரையும் 1642இல் வரைந்த இரவுக் காவல் ஓவியத்தை 1715இல் நகர மன்றக் கட்டடத்துக்கு மாற்றும்போது, சுவரில் இரண்டு கதவுக்கு நடுவில் கொள்ளவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள். ஆமாம், கத்தரித்துவிட்டார்கள். வெட்டிய துண்டுகள் போன இடம் தெரியாது. ஆனால் அதற்கு முன்பே கெரிட் லுண்டன்ஸ் என்ற ஓவியர் எடுத்த சின்னப் பிரதி ஒன்று தப்பிப் பிழைத்திருந்தது. அந்தப் பிரதியையும், ரெம்பிராண்டின் தூரிகை நடையையும் கணினிக்குப் பழக்கி, காணாமல் போன ஓரங்களை மீட்டு அச்சிட்டு 2021இல் அசலைச் சுற்றிப் பொருத்தி வைத்தார்கள். இடது பக்கம் மட்டும் சுமார் 60 சென்டிமீட்டர் பட்டை, அதில் இரண்டு ஆண்களும் ஒரு சிறுவனும் திரும்ப வந்து நின்றார்கள். நடு மையமாகத் தெரிந்த தலைவர் திடீரென்று கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்த மாதிரி ஆகி, கூட்டம் முன்னால் நடந்து வரும் வேகம் கூடியது. மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு எடுத்துவிட்டார்கள். எடுத்ததுதான் எனக்குப் பிடித்தது. வேலை முடிந்தது, டிஜிட்டல் விலகிக்கொண்டது, ஓவியம் இருக்கிறது.

அதே ஓவியத்தை 8,439 படங்களாக எடுத்து ஒட்டி 717 கிகாபிக்சல் பிம்பமாக 2022 ஜனவரியில் இணையத்தில் வெளியிட்டார்கள். ஒரு பிக்சலுக்கு 5 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. அதைப் பெரிதாக்கி உள்ளே போய்க்கொண்டே இருந்தால் ஒரு ஆளின் கண்மணிக்குள் பெயிண்ட் வெடிப்பைப் பார்க்கலாம். இசை கிடையாது, எதுவும் பறக்காது. ஆனாலும் நான் ஒரு ராத்திரி முழுக்க அதில் தொலைந்து போனேன். மூழ்குவதற்கு அறை தேவையே இல்லையோ என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது.

அறை இருந்தே தீர வேண்டிய இடங்களும் உண்டு. சீனாவில் துன்ஹுவாங் அருகே மொகாவ் குகைகள். பல நூறு குகைகளில் சுவரோவியங்கள், கூட்டம் உள்ளே போகப் போக மூச்சுக் காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் பூச்சை அரிக்கும். அதனால் 2014இல் குகைகளிலிருந்து தள்ளி ஒரு மையம் கட்டினார்கள். பார்வையாளர் முதலில் அங்கே படம் பார்க்கிறார், ஒன்று குகைகளின் வரலாறு, இன்னொன்று குவிமாடத் திரையில் குகைகளின் உட்புறம். அப்புறம்தான் பேருந்தில் குகைகளுக்கு. பெரிய காட்சியை ஏற்கெனவே கண்ணில் நிறைத்துக்கொண்டு வருவதால் குகைக்குள் நிற்கும் கொஞ்ச நேரம் போதுமானதாகிறது, ஓவியத்துக்கும் சேதம் குறைவு. இதற்கு இரண்டு வருஷம் முன்பே சாரா கெண்டர்டைன், ஜெஃப்ரி ஷா என்ற இரண்டு டிஜிட்டல் கலைஞர்கள் அங்குள்ள 220ஆம் குகையை 360 பாகைத் திரையில் அப்படியே அசல் அளவில் கொண்டுவந்தார்கள், சுவரில் வரைந்திருக்கும் வாத்தியங்கள் முப்பரிமாணமாக எழுந்து வரும். அசல் அளவில் என்பதைக் கவனியுங்கள். குகை எவ்வளவோ அவ்வளவு.

பிரான்ஸில் ஆதி மனிதர்கள் வரைந்த ஓவியங்கள் இருக்கும் லாஸ்கோ குகை இன்னும் ஒரு படி மேலே, அங்கே அசலுக்குப் போகவே முடியாது. 1940இல் கண்டுபிடித்து, 1948இல் திறந்து, பதினைந்தே வருஷத்தில், 1963இல் மூடிவிட்டார்கள். இப்போது பிரதிதான். அங்கே கடைசிக் கதவு எங்கே திறக்கிறது என்று கேட்பதில் அர்த்தமில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

பெல்ஜியத்தில் கெண்ட் நகரத் தேவாலயத்தில் 1432இல் முடித்த வான் ஐக் சகோதரர்களின் பீட ஓவியம் இருக்கிறது. 2021இல் அங்கே புதிய பார்வையாளர் மையம் திறந்தார்கள். கீழே நிலவறையில், எதிரே இருப்பதன் மேலேயே கணினிப் படத்தைக் காட்டும் ஏ.ஆர். கண்ணாடி மாட்டிக்கொண்டு நடந்தால் ஓவியத்தின் கதை கண்முன் எழுகிறது, அதில் ஒரு பலகை 1934இல் திருடு போய் இன்றுவரை கிடைக்காத கதை உட்பட. பிறகு மேலே அசலின் முன் போய் நிற்கலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிற்பவருக்கு எதைத் தேடுவது என்று தெரிந்திருக்கும். இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வான்கோ, கிளிம்ட், மோனே, மறுபடி வான்கோ. ஏன் திரும்பத் திரும்ப இவர்களே வருகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? அழகு ஒரு காரணம், பெயர் ஒரு காரணம். ஆனால் பல நாடுகளில் ஓவியர் இறந்து 70 வருஷம் கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும். வான்கோ 1890, கிளிம்ட் 1918, மோனே 1926. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, அசலைக் கடன் வாங்கிக் காப்பீடு செய்ய வேண்டியதில்லை, ஒரு தடவை படம் தயாரித்தால் பத்து நகரத்தில் ஓட்டலாம். அது ஒரு வியாபாரம், அதில் தப்பில்லை, நானும் காசு கொடுத்துப் போய் ரசித்திருக்கிறேன். ஆனால் மியூசியம் அதே அச்சை வாங்கி மாட்டும்போதுதான் கோபம் வருகிறது. அந்த வியாபாரிகளிடம் இல்லாத ஒன்று மியூசியத்திடம் இருக்கிறது, அசல். அதை வைத்துக்கொண்டு அவர்களைப் போலவே நடிப்பானேன்?

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

இரண்டாவது வடிவத்துக்கு நாங்கள் புதிதாக எதையும் வாங்கவில்லை, பணமும் இல்லை. ஓவியத்தை ஸ்கேன் செய்த கோப்பை மறுபடி திறந்து, நான்கு பேர் உட்கார்ந்து, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை வெறுமனே பார்த்துக்கொண்டே போனோம். முதல் தடவை இதைச் செய்யவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மரத்தை வெட்டி எடுத்து அசைப்பதிலேயே குறியாக இருந்திருக்கிறோம்.

கீழே இடது ஓரத்தில், படகின் நிழல் விழும் தண்ணீரில், கீறல் மாதிரி ஏதோ தெரிந்தது. பெரிதாக்கினோம். கீறல் இல்லை. மயிர். தூரிகையிலிருந்து உதிர்ந்த ஒற்றை மயிர், ஈரப் பெயிண்ட்டில் ஒட்டி, அப்படியே காய்ந்து, வார்னிஷுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கொஞ்சம் வளைந்திருந்தது. ஒரு முனையில் பச்சை ஒட்டியிருந்தது. அந்த ஓவியத்தில் பச்சை அந்தப் பக்கமே கிடையாது, மரங்கள் எல்லாம் வலது பக்கம். ஆக, மனிதர் மரத்தை வரைந்துவிட்டு, தூரிகையைச் சரியாகக் கழுவாமல் தண்ணீருக்கு வந்திருக்கிறார்! பழைய ஓவியங்களில் தூரிகை மயிர் சிக்கியிருப்பது அதிசயமில்லை, பாதுகாப்புப் பிரிவில் இருப்பவர்கள் தினம் பார்ப்பதுதான். ஆனால் எங்களுக்கு, அதுவரை 'உள்ளடக்கம்' என்று மட்டுமே இருந்த படம் சட்டென்று ஒரு ஆள் செய்த வேலையாக மாறியது. அவசரப்பட்ட ஆள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததோ என்னவோ.

அதையே காட்டினோம். ஆறு ஓடுவதை நிறுத்தினோம், நட்சத்திரத்தைத் தூக்கினோம், வயலினையும். தரைத் தண்ணீரை மட்டும் விட்டுவைத்தோம், குழந்தைகள் பாவம். படம் இப்போது ஐந்தே நிமிடம். ஓவியம் ஒரு சுவரில் அசல் அளவில் தொடங்கும், அவ்வளவு பெரிய இருட்டறையில் நோட்டுப் புத்தக அளவுக்கு ஒரு வெளிச்சம், முதலில் பலர் வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். பிறகு மெதுவாக நெருங்கும். தூரிகைத் தடங்கள் வரப்பு மாதிரி எழும், வெடிப்புகள் தெரியும், எந்த நிறத்தின் மேல் எந்த நிறம் என்று தெரியும். கடைசியில் அந்த மயிர், சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. ஒரு குரல், இது என்ன, எப்படி வந்தது என்று நாலு வரி. அசலில் இது எந்த இடத்தில் என்று சொல்ல மாட்டோம். விளக்கு அணையும். கடைப் பக்கக் கதவைப் பூட்டிவிட்டு (அதற்கு எத்தனை கூட்டம் போட வேண்டியிருந்தது என்று கேட்காதீர்கள்) ஓவியக் கூடத்துப் பக்கக் கதவைத் திறந்துவிட்டோம்.

எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். முதல் வடிவத்தைப் பார்த்துவிட்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்த சிலர், நட்சத்திரம் எங்கே என்று கேட்டார்கள். செல்ஃபி குறைந்தது. தலைசுற்றல் புகார் நின்றுபோனது, முன்பு வயதானவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அறையில் ஒரு பெஞ்சு போடக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. இப்போது போட்டிருக்கிறோம்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கூடத்துக்குப் போனேன். காவலர் அண்ணன் கையில் துணியோடு ஓவியத்தின் முன் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியை நீட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா தம்பி. எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு மூக்க வெச்சு வெச்சு... பூரா இந்த ஒரு மூலைதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை துடைக்கறது?"

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்கிற மாதிரி கையை ஆட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கே இத்தனை வருஷத்துல தெரியாது, நேத்து ஒரு பாப்பாதான் காட்டிக் குடுத்துச்சு," என்றார். அப்புறம் யாரும் வரவில்லையே என்று ஒரு தடவை வாசலைப் பார்த்துக்கொண்டு, துடைத்த இடத்திலேயே மறுபடி குனிந்து பார்த்தார்.